விடை தாமதிக்கும்போது செபத்தில் நிலைத்திருத்தல்

கேட்டது கிடைக்காமல் மாதங்களும் ஆண்டுகளும் ஓடிய பின்னும் கடவுளிடம் கேட்பதை விட்டுவிடாமல் இருப்பதே செபத்தில் நிலைத்திருத்தல். செபிக்கத் தொடங்க ஒரு துன்பம் போதும். அதே துன்பம் மாறாமல் நிற்கும்போது செபத்தைத் தொடர்வதற்குத் தெளிவும் முறையும் துணையும் வேண்டும். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் ஊர்களில் இந்தத் தேவை எந்தெந்த உருவில் வீட்டுக்குள் நுழைகிறது என்பது அனைவருக்கும் தெரியும்: குழந்தைப்பேறு, பெண்ணுக்கு வரன், படித்த பிள்ளைக்கு வேலை, வீட்டுக்காரரின் குடி, தீராத நோய், கடன், பங்காளிகளுக்குள் நில வழக்கு. இவற்றில் எதுவும் ஒரு நவநாளில் முடிந்துவிடுவது அரிது.

இந்த இயல் மூன்று கேள்விகளுக்கு விடை தருகிறது. தாமதத்தை எப்படிப் புரிந்துகொள்வது? தாமத காலத்தில் அன்றாடம் எப்படிச் செபிப்பது? எவற்றைத் தவிர்ப்பது? மூன்றுக்கும் அடிப்படையான உண்மை ஒன்று: விடாமல் செபிப்பது மனமில்லாத கடவுளை நச்சரித்து இணங்க வைக்கும் வேலையாகாது. துன்பத்தின் நடுவிலும் அவரோடு பேச்சை முறித்துக்கொள்ளாமல், செய்ய வேண்டியதைச் செய்துகொண்டே காத்திருப்பதாகும்.

வில்லியனூர் திருத்தலம் கற்பிப்பது

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில், சங்கராபரணி ஆற்றை ஒட்டிய வில்லியனூரில் லூர்து அன்னை திருத்தலம் உள்ளது. பிரான்சிலிருந்து வரவழைக்கப்பட்ட சுரூபம் 1877-இல் இங்கு வந்து சேர்ந்தது. சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை வாட்டிய பெரும் பஞ்சத்தின் நடுப்பகுதி அது. 1886-இல் திருத்தந்தை 13-ஆம் லியோவின் ஒப்புதலுடன் அந்தச் சுரூபத்துக்கு முடிசூட்டப்பட்டது. ஆண்டுதோறும் உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்துக் கொடியேறி, நவநாள்களுக்குப் பின் தேர்பவனியோடு விழா நிறைவுறுகிறது. கிறிஸ்தவர்களுக்கு நிகராகச் சுற்று ஊர்களின் இந்துக் குடும்பங்களும் 'மாதா கோயில்' என்று உரிமையோடு வந்து வேண்டிக்கொள்கிறார்கள்.

திருத்தலம் என்றதும் உடனடிப் புதுமையை எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் இத்திருத்தலத்துக்குப் பெயர் தந்த லூர்து நகரின் வரலாறே நிதானத்தைக் கற்றுத்தருகிறது. அங்கு 1858 பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை பதினெட்டு முறை அன்னையின் காட்சி பெற்றவர் பெர்நதெத் என்ற ஏழைச் சிறுமி. அங்கே குணமடைந்ததாகச் சொல்லப்படும் ஒவ்வொன்றையும் மருத்துவர்கள் ஆராய்கிறார்கள். மருத்துவத்தால் விளக்க முடியாது என்று அவர்கள் கண்டவற்றில் மட்டும் ஆயர் தீர்ப்புச் சொல்கிறார். முதல் ஏழு குணமடைதல்கள் 1862-இல் ஏற்கப்பட்டன. அதன்பின் எண்ணற்ற நோயாளிகள் சென்று வந்தும், புதுமை என்று திருச்சபை முறைப்படி ஏற்றவை இன்றுவரை எழுபதைச் சற்றே தாண்டுகின்றன. உடல் குணமாகாமல் திரும்பியவர்களே மிகப் பெரும்பாலோர். அவர்களின் செபத்தைத் திருச்சபை தோல்வி என்று எண்ணியதில்லை.

பெர்நதெத்தின் வாழ்க்கை இன்னும் அழுத்தமான சான்று. சிறு வயது முதல் ஆஸ்துமாவால் அவதிப்பட்டவர் அவர். 1866-இல் நெவேர் நகரத் துறவு மடத்தில் சேர்ந்தார். பின்னர் எலும்புக் காசநோயும் பற்றிக்கொண்டது. வில்லியனூருக்குச் சுரூபம் வந்த 1877-இல் அவர் அந்த மடத்தில் நோயாளியாக இருந்தார். 1879 ஏப்ரல் 16 அன்று 35 வயதில் இறந்தார். லூர்தில் நோயாளிகள் நாடிவரும் ஊற்றைத் தன் கையால் தோண்டிக் காட்டியவருக்கே உடல்நலம் கிடைக்கவில்லை. நோய் தீராதிருப்பது நம்பிக்கைக் குறைவின் அடையாளம் என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு வாழ்க்கையே போதிய மறுமொழி.

மறைநூல் காட்டும் மாதிரிகள்

விடாமல் செபித்தவர்கள் பற்றிய மறைநூல் பகுதிகள் ஒரே முடிவைக் காட்டுவதில்லை. சிலருக்குக் கேட்டது கிடைத்தது, சிலருக்கு வேறொன்று கிடைத்தது, சிலருக்கு மறுக்கப்பட்டது. மூன்று வகையையும் சேர்த்துப் படிக்கிறவருக்கே முழுப் படம் தெரியும்.

அன்னா (1 சாமுவேல் 1): ஆண்டுதோறும் சீலோவுக்குப் போய்வந்த குழந்தையில்லாப் பெண். சக்களத்தி பெனின்னா குத்திப் பேசுகிறாள். கணவனின் அன்பும் ஆறுதல் தரவில்லை. குருவாகிய ஏலியோ அவளைக் குடித்திருப்பவள் என்று நினைத்துவிடுகிறார். இங்கே கவனிக்க வேண்டியது நிகழ்வுகளின் வரிசை. அன்னாவின் முகவாட்டம் நீங்கியதும் அவள் சாப்பிட்டதும் சாமுவேல் பிறந்த பின் நடந்தவை அல்ல. மனத்தைக் கடவுள்முன் கொட்டித் தீர்த்த அன்றைக்கே நடந்தவை. குழந்தை பிறகுதான் வந்தது.

கைம்பெண்ணும் நடுவரும் (லூக்கா 18:1–8): மனம் தளராமல் செபிக்க வேண்டும் என்பதற்காகவே இயேசு சொன்ன உவமை இது. நேர்மையற்ற நடுவர் கடவுளைக் குறிக்கிறார் என்று எடுத்துக்கொள்வது தவறு. இரக்கமே இல்லாதவரிடமிருந்துகூட விடாமல் கேட்டவளுக்கு நீதி கிடைக்குமானால், அன்பான தந்தையிடம் கேட்பவருக்கு எவ்வளவோ மேலாகக் கிடைக்கும் என்பதே உவமையின் வாதம். அந்தப் பெண் கேட்டது நீதி என்பதையும், அதைக் கேட்க அவள் நேரில் போய்க்கொண்டே இருந்தாள் என்பதையும் மறக்கக் கூடாது.

கானானியப் பெண் (மத்தேயு 15:21–28): மகளுக்காக மன்றாடிய அவளுக்கு முதலில் கிடைத்தது மௌனம், அடுத்துச் சீடர்களின் எரிச்சல், அதற்கும் அடுத்து ஒரு கடுமையான சொல். அவள் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு வாதாடினாள். அவளது நம்பிக்கை பெரிது என்று இயேசு பாராட்டினார்.

எலியா (1 அரசர்கள் 18): கர்மேல் மலையில் மழைக்காகச் செபித்த எலியா, கடல் பக்கம் பார்த்து வரும்படி ஊழியனை ஏழு முறை அனுப்புகிறார். ஆறு முறை ஒன்றும் தெரியவில்லை. ஏழாம் முறை தெரிந்ததும் உள்ளங்கை அளவு மேகம்தான்.

கெத்சமனி (மத்தேயு 26:36–46): இயேசு ஒரே வேண்டுதலை ஒரே சொற்களில் மூன்று முறை கேட்டார். துன்பக் கிண்ணம் அகலவில்லை. வெறும் சொற்களை அடுக்குவதை மலைப்பொழிவில் கண்டித்தவரும் அவரே. ஆகவே, மனம் ஒன்றித் திரும்பத் திரும்பக் கேட்பது வேறு, எண்ணிக்கையால் கடவுளை வசப்படுத்தலாம் என்று சொல் அடுக்குவது வேறு.

பவுல் (2 கொரிந்தியர் 12:7–10): உடலில் தைத்த முள்போன்ற ஒரு துன்பத்தை நீக்கும்படி மூன்று முறை வேண்டினார். அது நீக்கப்படவில்லை; அதைத் தாங்கும் அருள் தரப்பட்டது. விடை தெளிவாக வந்த பின் பவுல் அதே வேண்டுதலோடு முட்டிமோதவில்லை. செபத்தில் நிலைத்திருத்தல் கேட்கும் பொருளை மாற்றிக்கொள்வதையும் உள்ளடக்கியது என்பதற்கு இவர் சான்று.

காத்திருப்பின் வகைகளைப் பிரித்தறிதல்

எல்லாத் தாமதமும் ஒரே வகை அல்ல. செபிப்பவர் தம் வேண்டுதல் எந்த வகையைச் சேர்ந்தது என்று முதலில் பார்த்துக்கொண்டால் வீண் குற்றவுணர்வு குறையும். செய்ய வேண்டியதும் தெளிவாகும்.

முதல் வகை, இயல்பாகவே காலம் பிடிப்பது. காசநோய்க்கான மருந்து வழக்கமாக ஆறு மாதம் நீள்கிறது. அரசுப் பணித் தேர்வும் நீதிமன்ற வழக்கும் ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன. இங்கே செபம் கேட்கப்படவில்லை என்று முடிவு கட்டுவதற்கு இடமே இல்லை. பொறுமைக்காகவும், இடையில் மருந்தையோ படிப்பையோ விடாத உறுதிக்காகவும் அன்றன்று செபிப்பதே பொருத்தம்.

இரண்டாம் வகை, இன்னொருவர் மனம் மாற வேண்டியது. கணவரின் குடி, மகனின் கோபம், பிரிந்துபோன மருமகள் போன்றவை இதில் அடங்கும். கடவுள் ஒருவரின் கையைப் பிடித்து இழுத்துத் திருத்துவதில்லை. அவரது சுதந்திரத்தை மதித்தே அழைக்கிறார். ஆகவே இவ்வகைச் செபம் நீண்டதாகவே இருக்கும். இதன் பெரும் சான்று புனித மோனிக்கா. மகன் அகுஸ்தீனுக்காக அவர் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் கண்ணீரோடு மன்றாடினார். 383-இல் மகன் உரோமைக்குக் கப்பலேற முனைந்தபோது, அவன் போகக் கூடாது என்று வட ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஓர் ஆலயத்தில் இரவெல்லாம் செபித்தார். அன்றிரவே மகன் அவரை ஏமாற்றிவிட்டுப் புறப்பட்டான். அந்தப் பயணம்தான் அவனை மிலான் ஆயர் அம்புரோசிடம் கொண்டு சேர்த்தது. 387 உயிர்ப்புப் பெருவிழாவில் அகுஸ்தீன் திருமுழுக்குப் பெற்றார். அதே ஆண்டு மோனிக்கா இறந்தார். அன்றிரவு அவர் கேட்டது மறுக்கப்பட்டது. அந்த வேண்டுதலுக்கு அடியில் இருந்த ஆசை அந்த மறுப்பின் வழியாகவே நிறைவேறியது.

மூன்றாம் வகை, மனிதர் செய்ய வேண்டியது மீதமிருப்பது. வேலைக்காக ஓராண்டாகச் செபிக்கிறவர் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பிக்காமல் இருக்கலாம். பங்காளி வழக்குத் தீரச் செபிக்கிறவர் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்காமலே இருக்கலாம். குழந்தைக்காகச் செபிக்கும் வீட்டில் மனைவிக்கு மட்டும் சோதனை நடந்திருக்கலாம். ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிட்டால் கணவன், மனைவி இருவருமே பரிசோதனைக்குச் செல்ல வேண்டும் என்பது மருத்துவ நடைமுறை. மனைவியின் வயது 35-ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதமே எல்லை. பெண்ணை மட்டும் குறைசொல்லி அவளை மட்டும் நோன்பிருக்க வைப்பது அநீதி.

நான்காம் வகை, கேட்பதிலேயே திருத்தம் வேண்டியது. எதிரி கெட்டழிய வேண்டும் என்பதும், வரதட்சணை குறையாத வரன் வேண்டும் என்பதும் கிறிஸ்துவின் பெயரால் கேட்கத் தகாதவை. தவறான எண்ணத்தோடு கேட்பதால் பெறாமல் போவது பற்றி யாக்கோபின் திருமுகம் (4:3) நேராகவே எச்சரிக்கிறது.

ஐந்தாம் வகை, ஊரும் சமூகமும் சேர்ந்து காத்திருப்பது. 1950-இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை பட்டியல் சாதி உரிமைகளை இந்துக்களுக்கு மட்டுமே என்று வரையறுத்தது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது திருத்தப்பட்டது. தலித் கிறிஸ்தவர்களுக்கு இன்னும் திருத்தப்படவில்லை. ஆணை வெளியான ஆகஸ்டு 10-ஆம் நாளைப் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டம் உள்ளிட்ட தமிழகத் திருச்சபைகள் கறுப்பு நாளாகக் கடைப்பிடித்து மன்றாடுகின்றன, பேரணி நடத்துகின்றன, நீதிமன்றத்தையும் நாடுகின்றன. உவமையில் வரும் கைம்பெண்ணின் இடத்தில் நிற்கிறவர்கள் இவர்களே. தாத்தா தொடங்கிய மன்றாட்டைப் பேரன் தொடர்கிறான். இவ்வகைச் செபத்தை ஒரு தலைமுறைக்குள் அளக்க முடியாது.

அன்றாட நடைமுறை

1. வேண்டுதலை ஒரே வாக்கியத்தில் எழுதுதல். மனத்தில் பத்துக் கவலை கலங்கிக் கிடக்கும்போது செபம் புலம்பலாகவே நின்றுவிடுகிறது. யாருக்காக, என்ன வேண்டும் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுத வேண்டும். அதன் கீழே, கேட்டது கிடைத்தால் உண்மையில் எந்த நன்மை கிட்டும் என்றும் எழுத வேண்டும். மகனுக்கு வெளிநாட்டு வேலை என்று எழுதியவருக்கு, அதன் அடியில் இருப்பது கடன் தீர்ந்து மானத்தோடு வாழும் ஆசை என்று புரியலாம். அதற்கு வேறு கதவுகளும் திறக்கலாம்.

2. நேரத்தை வேலையோடு பொருத்துதல். பாகூர்ப் பகுதியில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நடவும் அறுப்பும் மாறி மாறி வருகின்றன. விடியலில் வயலுக்குப் போகிறவரால் காலையில் அரைமணி நேரம் ஒதுக்க முடியாது. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்ப்பவருக்கு வாரத்துக்கு வாரம் தூங்கும் நேரமே மாறும். ஆகவே கடிகார நேரத்தைவிட ஒரு செயலோடு செபத்தை இணைப்பது நிலைக்கும்: அடுப்பு மூட்டும் முன், பஸ் ஏறியதும், விளக்கு வைத்ததும். காலை, நண்பகல், மாலை மணியோசையோடு சொல்லும் மூவேளைச் செபம் இதற்காகவே திருச்சபை தந்த ஏற்பாடு. நாளுக்குப் பத்து நிமிடம் தவறாமல் செபிப்பது, எப்போதோ ஒரு நாள் மூன்று மணி நேரம் செபிப்பதைவிடப் பலன் தரும்.

3. ஒழுங்குமுறை ஒன்றைப் பின்பற்றுதல். பத்து நிமிடத்தை நான்காகப் பகுக்கலாம். முதலில் சிறிது நேரம் பேசாமல் கடவுள்முன் இருத்தல். அடுத்து மேலே சொன்ன மறைநூல் பகுதிகளில் ஒன்றையோ ஒரு திருப்பாடலையோ மெதுவாக வாசித்தல். பின், எழுதிய வேண்டுதலைச் சொந்தச் சொற்களில் ஒருமுறை சொல்லுதல். கடைசியாக, அதே துன்பத்தில் இருக்கும் இன்னொருவருக்காகக் கேட்டு, இயேசு கற்பித்த செபத்தோடு முடித்தல். தன் குழந்தைக்காகக் கேட்கிறவர் குழந்தையில்லாத அடுத்த வீட்டுப் பெண்ணுக்காகவும் கேட்கும்போது பொறாமைக்கு இடம் குறைகிறது.

4. ஆற்றாமையை மறைக்காமல் சொல்லுதல். கடவுளிடம் கோபப்படுவது பாவம் என்று அஞ்சிப் பலர் பொய்யான இதத்தோடு செபிக்கிறார்கள். பிறகு செபமே கசந்துபோகிறது. 13-ஆம் திருப்பாடல் தொடக்கத்திலேயே, இன்னும் எத்தனை காலம் என்று நான்கு முறை கேட்கிறது. 88-ஆம் திருப்பாடல் எந்த ஆறுதலும் இன்றி இருளிலேயே முடிகிறது. இவை திருச்சபை நாள்தோறும் பயன்படுத்தும் செபநூலில் உள்ளவை. கடவுள்முன் அழுவதும் முறையிடுவதும் ஏன் என்று கேட்பதும் முழு உரிமையுள்ள செபங்கள்.

5. நவநாளைச் சரியாகப் பயன்படுத்துதல். இயேசு விண்ணகம் சென்ற பின், தூய ஆவியாரின் வருகை வரை சீடர்களும் மரியாவும் எருசலேமில் ஒருமனமாகச் செபித்துக் காத்திருந்த நாள்கள் (திருத்தூதர் பணிகள் 1:14) நவநாள் பழக்கத்துக்கு முன்மாதிரி. அவர்கள் காத்திருந்தது வாக்களிக்கப்பட்ட ஒன்றுக்காக. அது எப்போது, எப்படி வரும் என்பதை அவர்கள் வரையறுக்கவில்லை. ஒன்பது நாள் முடிந்ததும் கேட்டது வந்தே தீரும் என்று எண்ணி நவநாள் செய்பவர் பத்தாம் நாள் உடைந்துபோவார். நீண்ட காத்திருப்பின் நடுவே மூச்சு வாங்கிப் புத்துயிர் பெற ஒதுக்கிய ஒன்பது நாள் என்று கருதிச் செய்வதே நல்லது. உபவாச ஜெபம் செய்யும் சபைகளுக்கும் இது பொருந்தும்.

6. மாதம் ஒருமுறை திரும்பிப் பார்த்தல். நோட்டில் மாதக் கடைசியில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதலாம். கேட்டதில் ஏதாவது அசைவு உண்டா? கேட்காமலே கிடைத்த நன்மை எது? நான் செய்ய வேண்டியது ஏதும் மீதி உண்டா? முழுமையாகத் தெளிந்த வானத்தில் கையளவு மேகத்தை அடையாளம் காணும் பழக்கம் இதனால் வளர்கிறது. குடிக்காமல் வந்த இரண்டு மாலைகளும், பேசாதிருந்த தம்பி கோயில் வாசலில் நின்று விசாரித்ததும் குறித்துவைக்கத் தக்கவை.

7. பிறரோடு சேர்ந்து செபித்தல். தனியாகக் காத்திருப்பவர் விரைவில் சோர்கிறார். பங்குகளில் தெருவாரியாகக் கூடும் அன்பியம், வீடுகளில் நடக்கும் ஜெபக்கூட்டம், செபமாலைக் குழு ஆகியவை சோர்ந்தவரின் சுமையைக் கைமாற்றித் தாங்க ஏற்பட்டவை. வேண்டுதலின் விவரத்தை எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நம்பத்தக்க ஒருவரிடம் முழுமையாகச் சொல்லிவிட்டு, கூட்டத்தில் ஒரு குடும்பத் தேவைக்காக என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம்.

செபம் வறண்டுபோகும்போது

நீண்ட காத்திருப்பில் ஒரு கட்டம் வரும். வாய் செபமாலை சொல்லும், மனம் ஒட்டாது. கடவுள் இருக்கிறாரா என்ற ஐயமே எழும். இது பெரும் புனிதர்களும் கடந்த பாதை. அவிலா தெரேசா பல ஆண்டுகள் செப நேரம் எப்போது முடியும் என்று மணியோசைக்குக் காத்திருந்ததாகத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அன்னை தெரேசா ஏறத்தாழ அரை நூற்றாண்டு உள்ளத்தில் இருளோடு பணியாற்றினார் என்பது, அவரது கடிதங்கள் 2007-இல் வெளியானபோது உலகுக்குத் தெரிந்தது.

இக்கட்டத்துக்குப் புனித இஞ்ஞாசியார் ஆன்மிகப் பயிற்சிகள் நூலில் தரும் அறிவுரை இரண்டு வகையில் பயன்படும். மனம் சோர்ந்த நேரத்தில், முன்பு தெளிவோடு எடுத்த முடிவுகளை மாற்றக் கூடாது. செபத்தை நிறுத்துவது, சபையை விட்டுப் போவது, உறவை முறிப்பது போன்ற முடிவுகளைத் தள்ளிவைக்க வேண்டும். இரண்டாவதாக, செபத்தைச் சுருக்கத் தோன்றும்போது குறித்த நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்துவிட்டு எழ வேண்டும். பத்து நிமிடம் என்றால் பதினொன்று போதும். சொற்கள் வராதபோது சிலுவைமுன் அல்லது நற்கருணைமுன் சும்மா அமர்ந்திருப்பதும் செபமே.

வறட்சியையும் மனச்சோர்வு நோயையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, சாகலாம் என்ற எண்ணம் ஆகியவை நீடித்தால் மருத்துவ உதவி தேவை. அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

தவிர்க்க வேண்டியவை

மருந்தை நிறுத்துதல். செபத்தின்மேல் நம்பிக்கை வைத்து சர்க்கரை, வலிப்பு, காசநோய், மனநல மருந்துகளை நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. உண்மையாகவே குணம் கிடைத்திருந்தால் அதை மருத்துவரின் பரிசோதனை உறுதிசெய்யும். லூர்து நகரிலேயே அதுதான் வழக்கம்.

குடியை மருத்துவமின்றி ஒரே நாளில் விடச் சொல்லுதல். பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் மாதாமுன் சத்தியம் செய்துவிட்டுத் திடீரென நிறுத்தினால், அடுத்த சில நாள்களில் கடும் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரக்கூடும்; உயிரிழப்பும் நேரலாம். சத்தியம் நல்லதே. அதை மருத்துவரின் மேற்பார்வையில் நிறைவேற்ற வேண்டும். பின்னர் மீண்டும் ஒருமுறை சறுக்கினால், செபம் பொய்த்தது என்று எண்ணாமல் சிகிச்சையைத் தொடர வேண்டும்.

கடவுளிடம் பேரம் பேசுதல். நேர்ச்சை என்பது நன்றியின் வெளிப்பாடு. கடன் வாங்கித் தங்கத்தொட்டில் நேர்ந்துகொள்வதும், உடலைச் சிதைக்கும் அளவுக்குப் பட்டினி கிடப்பதும் நன்றியாகா. சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் உணவு நோன்பு இருக்க வேண்டியதில்லை. பேச்சிலோ தொலைக்காட்சியிலோ செல்போனிலோ நோன்பு இருக்கலாம்.

பணம் கேட்கும் செபத்தை நாடுதல். குறிப்பிட்ட தொகை காணிக்கை வைத்தால் குறிப்பிட்ட நாளுக்குள் விடை வரும் என்று சொல்பவர் எந்தச் சபையைச் சேர்ந்தவராயினும் அவரை விட்டு விலகுவதே நன்று. அருளுக்கு விலையில்லை.

வன்முறையைப் பொறுத்துக்கொள்ளுதல். அடிக்கும் கணவன் திருந்தச் செபிப்பது ஒன்று, அடியைத் தொடர்ந்து வாங்கிக்கொள்வது இன்னொன்று. பாதுகாப்பான இடத்துக்கு விலகி நின்றும் அவருக்காகச் செபிக்கலாம். பெண்களுக்கான 181 உதவி எண்ணை அழைப்பது நம்பிக்கைக் குறைவு அல்ல.

உடனிருப்போர் கடமை

காத்திருப்பவரை மேலும் காயப்படுத்துபவை பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் சொற்களே. நம்பிக்கை பற்றவில்லை, மறைவான பாவம் இருக்கும், முன்னோர் சாபம் தொடர்கிறது என்றெல்லாம் சொல்வது யோபின் நண்பர்கள் செய்த பிழை. அந்நூலின் இறுதியில் கடவுள் கண்டித்தது அந்த நண்பர்களையே. வளைகாப்பிலும் திருமண வீட்டிலும், 'இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையா?' என்று கேட்பது பெனின்னாவின் குரல். அடுத்தவருக்குக் கிடைத்த புதுமையை எடுத்துச் சொல்லி ஒப்பிடுவதும் அப்படியே.

உடனிருப்போர் செய்யத் தக்கவை எளியவை. ஜிப்மர் புறநோயாளிப் பிரிவுக்கு விடியற்காலையில் உடன் செல்லலாம். குழந்தைகளுக்கு ஒருவேளைச் சோறு போடலாம். விண்ணப்பப் படிவத்தை நிரப்பித் தரலாம். அருகில் உட்கார்ந்து ஒரு பத்து மணி செபமாலை சொல்லலாம். பங்குத்தந்தையோ போதகரோ பிப்ரவரி 11 அன்று கொண்டாடப்படும் உலக நோயாளர் நாளோடு நின்றுவிடாமல், நீண்ட நாள் நோயாளிகளின் வீடுகளுக்கு ஒழுங்காகச் சென்றுவந்தால் அந்த வீட்டின் செபம் அணையாது.

கேட்டது கிடைக்காமலே போனால்

சில வேண்டுதல்கள் கேட்டபடி நிறைவேறுவதில்லை. நோயாளி இறந்துவிடுகிறார், கருத்தரிக்கும் வயது கடந்துவிடுகிறது, நிலம் கைவிட்டுப் போகிறது. இந்த நேரத்தில் அவசரமாக விளக்கம் தேடுவது உதவாது. முதலில் துக்கத்துக்கு இடம் தர வேண்டும். இயேசுவும் இலாசரின் கல்லறை அருகே அழுதார். பிறகு, பழைய வேண்டுதலை நோட்டில் தேதியோடு முடித்து, அதைக் கடவுளிடம் ஒப்படைக்கும் ஒரு செபத்தைத் தெளிவாகச் செய்யலாம். இறந்தவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பதும், அவர் பெயரால் ஒரு மாணவருக்குப் புத்தகம் வாங்கித் தருவதும் இந்த ஒப்படைப்புக்கு உருவம் தரும்.

அதன்பின் புதிய வேண்டுதல் எழும்: இந்த இழப்போடு எப்படி வாழ்வது, இந்த அன்பை இனி யாருக்குக் கொடுப்பது? பவுலுக்குக் கிடைத்தது இவ்வகை விடையே. குழந்தைப்பேறு கிட்டாத தம்பதியர் சட்டப்படி தத்தெடுப்பதற்கான மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் பதிவு முறையை அறிந்துகொள்ளலாம். குடியால் கணவரை இழந்தவர் அதே துன்பத்தில் இருக்கும் வேறு குடும்பத்துக்குத் துணை நிற்கலாம். இவை கேட்டதற்கு ஈடாகா என்பதை ஒளிக்காமல் ஏற்பதும் கடவுளோடு உண்மையாய் இருப்பதே. தந்தை தம் பிள்ளையின் குரலை அறிவார் என்ற நம்பிக்கையோடு, கிடைத்ததற்கு நன்றி சொல்லி, கிடைக்காததற்கு அழுது, அடுத்த நாளுக்குரியதைக் கேட்டுக்கொண்டே இருப்பவர் செபத்தில் நிலைத்திருப்பவர்.